கைப்பேசி இல்லாதவருக்கும் வெளிச்சம்

குறைந்த விலையில் கிடைக்கும் ஸ்மார்ட் விளக்குகளை வீட்டில் பரீட்சித்துப் பார்ப்பது நல்லதே. ஆயினும், வீட்டிலுள்ள முதியோரைச் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் பல்புக்குச் சுவர் சுவிட்ச் எப்போதும் போடப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் கைப்பேசியால் விளக்கை அணைத்துவிட்டு உறங்குகிறீர்கள். நள்ளிரவில் எழும் உங்கள் தாயார் சுவிட்சைத் தட்டுகிறார். வெளிச்சம் வராது, பல்புக்குச் செல்லும் மின்சாரமே துண்டிக்கப்படும். அவர் இருளில் தடுமாறுவார்.

ஆகையால், பழைய சுவிட்சுக்குப் பின்னே பொருத்தப்படும் சிறிய ஸ்மார்ட் ரிலேயையே தெரிந்துகொள்ளுங்கள். அதில் கைப்பேசியும் வேலை செய்யும், சுவிட்சும் வேலை செய்யும். இணையம் நின்றுபோனாலும் சுவிட்ச் கைவிடாது. பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் கம்பி அவசியம்; அது சுவிட்ச் பெட்டியில் உண்டா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டார் அனைவருடைய கைக்கும் எட்டுவதே வீட்டு விளக்கு.