சும்மாட்டுக்குப் பிறகு என்ன?

நம்முடைய ஜனங்களுக்கு யந்திரத்தின் மேல் ஒரு பக்தி உண்டு. தெருவில் ஜேசிபி வந்து பள்ளம் தோண்டினால் வேலைக்குப் போகிறவன்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிறான். ஒரு கம்பெனியின் பெயரே நமது பாஷையில் மண்வாரி யந்திரத்துக்குப் பொதுப் பெயராகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பக்தியில் தவறில்லை. ஆனால் எந்தப் பாரத்தைத் தூக்க யந்திரம் வந்திருக்கிறது, எந்தப் பாரத்தைத் தூக்க வரவில்லை என்று கேட்கிற புத்தியை அது மழுங்க அடித்துவிடுகிறது. என் சண்டை அதோடுதான்.

மாங்காட்டுக்கும் ஆவடிக்கும் அதிக தூரமில்லை. 1955-ல் அந்த ஆவடியில்தான் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1965-ல், அதே ஊரின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. ஏறக்குறைய 39 டன் எடை. அந்த இரும்பு மலையின் அங்கங்களைத் தூக்கிப் பொருத்த யாரும் தலையைக் கொடுக்கவில்லை. அதற்குக் கிரேன் இருந்தது. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. கப்பலிலிருந்து இருபது முப்பது டன் பெட்டியை, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் கிரேன் எடுத்து டிரெய்லரில் வைக்கிறது.

அந்தப் பெட்டி பூந்தமல்லி வழியாக வந்து, எங்கள் பக்கத்தில் ஏதோ ஒரு கிட்டங்கியின் வாசலில் நிற்கிறது. கதவைத் திறக்கிறார்கள். அந்த இடத்தோடு இருபதாம் நூற்றாண்டு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஒரு பலகை, நாலு மனிதர்கள், தலையில் சுருட்டி வைத்த துண்டு. அந்தத் துண்டுக்கு நம் முன்னோர் சும்மாடு என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைக் கிடத்தினார்கள். சுமையோடு வருகிறவன் யார் தயவும் இல்லாமல் இறக்கி வைக்கலாம், மறுபடி தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்தவள் நினைவாக நிறுத்திய கல் என்பதால் அதைத் தருமமாக மட்டும் பார்த்துவிட்டோம். அதன் உயரத்தைக் கவனியுங்கள்! நிற்கிற மனிதனின் தலைக்குச் சரியாக அளந்து வைத்திருக்கிறார்கள். சுமக்கிறவனின் உடம்பை அளவுகோலாக வைத்துச் செய்த கண்டுபிடிப்பு அது. மூட்டை சுமக்கிறவனுக்கு நம் கிட்டங்கிகளில் அதற்குப் பிறகு என்ன வந்தது? எனக்குத் தெரிந்து இரும்புக் கொக்கி ஒன்றுதான். அதுவும் மூட்டையைப் பிடிக்கத்தான் உதவும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு லாரியில் 10 டன் அரிசி. 50 கிலோ மூட்டையாக 200 மூட்டை. நாலு பேர் இறக்கினால் ஆளுக்கு 50 மூட்டை, அதாவது இரண்டரை டன். ஒரு நாளைக்கு மூன்று லாரி வந்தால் ஏழரை டன். வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் 45 டன். ஆவடியில் கிரேன் வைத்துக் கட்டிய விஜயந்தாவைவிட அதிகமான எடையை, வாராவாரம் ஒரு மனிதன் தன் கழுத்தெலும்பின் மேல் வாங்கிக் கடத்துகிறான்!

சட்டம் இல்லையா என்றால், சட்டத்துக்கு என்ன குறை? காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்க வைக்கக் கூடாது என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு சொன்னது. சொன்னது தொழிற்சாலைக்கு, வெறும் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்கு அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-ல், ஆண் தொழிலாளி தூக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்ட வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. நம் மூட்டை 50 கிலோதானே, அடங்கிவிட்டதே என்பார்கள். அடங்கியது ஒரு மூட்டை. நூற்றைம்பதாவது மூட்டைக்கு யார் வரம்பு கட்டினார்கள்?

கிட்டங்கி முதலாளி ஒருவரிடம் இதைப் பேசிப் பார்த்தேன். நல்ல மனிதர், காப்பி வரவழைத்துக் கொடுத்தார். "மெஷின் வாங்கினா சர்வீஸ் பண்ணணும் சார். ஆளுக்கு உடம்பு சரியில்லேன்னா வேற ஆள் வந்துடுவான்" என்றார். மனசில் இருந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். வெளியே வந்தபோது ஒரு லோடுமேன் தன்னுடைய கழுத்தைப் பற்றிச் சொன்னார்: "திரும்ப மாட்டேங்குது சார். யாராச்சும் கூப்பிட்டா உடம்போடதான் திரும்பணும்." இரண்டு பேச்சுக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கும்.

இனி நம் மேதாவிகள். இந்தச் சுற்று வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வருஷா வருஷம் பிள்ளைகள் பிராஜெக்ட் செய்கிறார்கள். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து போகிற ரோபோவை எத்தனை முறை செய்து மார்க்கு வாங்கியிருக்கிறார்கள்! அதே கல்லூரியின் விடுதிச் சமையலறைக்கு அரிசி மூட்டை இறக்குகிற ஆளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், பின்தொடர்ந்து போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திராது. 1917-ல் அமெரிக்காவில் கிளார்க் என்ற கம்பெனி, தன் பட்டறைக்குள் சாமானை நகர்த்துவதற்காகத் தனக்கென்று ஒரு மோட்டார் வண்டி செய்துகொண்டது. வந்து பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். இன்றைய போர்க்லிப்டின் பாட்டன்களில் அது ஒன்று. சொந்தப் பட்டறையில் என்ன கஷ்டம் என்று பார்த்ததில் பிறந்தது அது. நமக்கோ பார்க்கிறவன் ஒருவன், சுமக்கிறவன் வேறொருவன். நடுவே சாதியும் படிப்பும் சுவராக நிற்கின்றன.

"யந்திரம் வந்தால் அந்த நாலு பேருக்குப் பிழைப்பு போய்விடுமே!" என்று சிலர் உருகுகிறார்கள். இந்த உருக்கத்தை நான் நம்புவதில்லை. 1973-ல் தமிழ்நாட்டில் கைரிக்‌ஷா ஒழிந்தது. மனிதனை மனிதன் வைத்து இழுப்பதை நிறுத்தி, இழுத்தவர்களுக்கே சைக்கிள் ரிக்‌ஷாவைக் கொடுத்தது அரசாங்கம். யந்திரம் யாருடையது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதலாளி வாங்கினால் இரண்டு ஆளைக் கழித்துவிடுவார். மூட்டைக்குத் தருகிற கூலியையும் குறைப்பார். லோடுமேன்களின் கையில் இருந்தால் அதே கூலி, பாதி நோவு. 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்து, அதன் கீழ் நல வாரியங்களும் ஏற்பட்டன. பிள்ளை படிப்புக்கு, கல்யாணத்துக்கு, ஈமச் சடங்குக்கு உதவித் தொகை உண்டு. ஈமச் சடங்குக்குக் கொடுக்கிற கை, அதற்கு முன்னாலேயே ஒரு பேலட் டிரக்கை வாங்கிக் கொடுத்தால் என்ன?

அது ஒன்றும் தேவலோகத்து விமானம் அல்ல. சின்னச் சக்கரம், இரண்டு இரும்பு நாக்கு, கைப்பிடிக்குக் கீழே ஓர் எண்ணெய்க் குழாய். கைப்பிடியை நாலைந்து தடவை மேலும் கீழும் ஆட்டினால் இரண்டு டன் தரையைவிட்டுக் கிளம்பும். பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி என்று உருப்போட்டோமே, அதேதான். என்னைப் போல் இயற்பியலைப் பாதியில் விட்டவனுக்கும் புரிகிற சமாசாரம். மூட்டையை மரத்தட்டில் அடுக்கி வைத்தால் ஒரே ஆள் இழுத்துக்கொண்டு போகலாம். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம்.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. கிட்டங்கியின் தளம் லாரியின் தளத்துக்குச் சமமாக உயர்ந்திருக்க வேண்டும். ரயில்வே கூட்ஸ் ஷெட்டுகளில் வெள்ளைக்காரன் காலத்திலேயே அப்படி மேடை கட்டினார்கள், அதற்குப் பேட்டண்டும் இல்லை, ராயல்டியும் இல்லை. இன்னொன்று, தரை வழவழப்பாக இருக்க வேண்டும். நான் பார்த்த கிட்டங்கிகளில் வாசல் படியிலிருந்தே சிமெண்டு பெயர்ந்து கிடக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நகராட்சி அனுமதி கொடுக்கும்போது, கார் நிறுத்த இடம் விட்டாயா என்று கேட்பதோடு, லாரி மேடை கட்டினாயா என்றும் கேட்கலாம். ஏற்கெனவே இருப்பவர்கள் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுத் தரையைப் பூசட்டும்.