சிக்கனமும் உலோபமும்

குறைந்த செலவில் ஊர் சுற்ற இன்றைய மாணவர் பலர் விழைகின்றனர். நல்ல விழைவே. ஆயின், சிக்கனப் பயணத்தையும் உலோபத்தனத்தையும் பிரிக்கும் கோடு யாது?

1962 ஜூன் திங்களில் சதீஷ் குமார், இ. பி. மேனன் என்னும் இரு இளைஞர்கள் அணு ஆயுதங்களை எதிர்த்துப் புதுதில்லியிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டனர். வினோபா பாவேயின் அறிவுரையை ஏற்றுக் கையில் காசின்றிச் சென்றனர். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியே நடந்தும், கடலைக் கப்பலில் கடந்தும், மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் நகரங்களை அடைந்தனர். வழிநெடுக மக்கள் உணவும் உறையுளும் அளித்தனர். விருந்தளித்தோருள் ஏழைகளும் இருந்திருப்பர். எனினும் அவர்களை உலோபிகள் என யாரும் இகழ்ந்திலர். ஏன்? அளிப்பதும் மறுப்பதும் அளிப்போர் விருப்பமாக இருந்தது.

நம் பயணங்களை எண்ணிப் பார்ப்போம். மலைவாழிடங்களில் சுமை தூக்கும் முதியவரிடம் வாதாடிப் பத்து ரூபாயைக் குறைத்துவிட்டு, அதனைத் திறமையெனப் பேசுவோர் நம்முள் உளர். அம்முதியவரால் மறுக்க இயலுமா? மறுத்தால் அன்று அவர் வீட்டில் அடுப்பெரியாது. அவரது இசைவு விருப்பத்தால் வந்ததன்று; வறுமையால் வந்தது.

கோடு இதுவே: தன் வசதியைக் குறைப்பவன் சிக்கனக்காரன், பிறர் கூலியைக் குறைப்பவன் உலோபி.

மாணவ நண்பர்களே! முன்பதிவில்லாப் பெட்டியில் செல்லுங்கள்; கட்டுச்சோற்றை உண்ணுங்கள்; கால் நோக நடவுங்கள். உங்கள் பயணத்தின் விலையை மட்டும் ஏழையின் தலையில் ஏற்றாதீர்கள்!