‘எகோ’ என்றால் நான்

போன மாதம் நாகர்கோவில் பக்கத்துல ஒரு கூட்டம். கூட்டம் முடிஞ்சு டீ குடிச்சிட்டு நிக்கும்போது சட்டக் கல்லூரியில படிக்கிற நம்ம பிள்ளை ஒருத்தி வந்தா. “பெரியப்பா, நீங்க குருமடத்துல லத்தீன் படிச்சியளாமே. எனக்குக் கொஞ்சம் சொல்லித் தருவியளா? பாடப் புஸ்தகம் பூரா அந்த வார்த்தையாத்தான் கெடக்கு. மனப்பாடம் பண்ணுதேன், ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு” என்றாள். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பக்கத்துல நின்ன தோழர் ஒருத்தர் சிரித்தார். “செத்துப்போன மொழியப் படிச்சு என்ன செய்யப் போற மக்கா? அது வெள்ளக்காரச் சாமியாருக்க மொழி. பெரியப்பாக்கிட்ட பறை அடிக்கப் படி” என்றார்.

அந்த இடத்துல எனக்குப் பதில் வரல. இப்ப எழுதுகிறேன்.

தோழர், பறை எங்களுக்குத் தெரியும். எங்க பாட்டனுக்குப் பாட்டன் அடிச்சது. அதைப் படிக்கச் சொல்லி யாரும் எங்களை வற்புறுத்தினதில்ல. அடிக்கலேன்னாத்தான் எங்களை அடிச்சாங்க. பறை எங்க விடுதலைக்கான ஆயுதம் என்கிறதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனா ‘உனக்கு இது போதும், அது உனக்கு எதுக்கு’ என்று ஒரு சேரிப் பிள்ளையிடம் சொல்லுகிற அந்த வாய் இருக்கே, அது யாருடைய வாய்? அந்தக் குரலை நான் களத்துமேட்டுல கேட்டிருக்கேன், பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கேன், குருமடத்துல கேட்டிருக்கேன். நம்ம மேடையிலும் அதே குரல் கேட்டா நான் சும்மா இருக்க முடியாது.

எங்க பாட்டா நாஞ்சில் நாட்டு வயல்ல கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவிச்ச கூலி. கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனா லத்தீன்ல பூசைக்குப் பதில் சொல்லுவார். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. உபதேசியார் சொல்லிக்கொடுத்த ஓசை, அவ்வளவுதான். ‘ஒரேமுஸ்’ என்று சாமியார் சொன்னா முட்டுப்போட வேண்டிய நேரம்னு பாட்டா நினைச்சிருந்தார். அதுக்கு ‘மன்றாடுவோமாக’ என்று அர்த்தம்னு நான் போய்ச் சொன்னபோது, “அப்பிடியா, என்னையும் சேத்துத்தான் சொன்னாரா?” என்று கேட்டார். தன்மைப் பன்மையில தானும் அடக்கம்னு அந்த மனுசனுக்கு எழுபது வயசு வரைக்கும் யாரும் சொல்லல.

எழுபதுகளின் கடைசியில நான் குருமடத்துல சேர்ந்தேன். எந்தக் குருமடம் என்பது இங்கே முக்கியமில்லை. தமிழ் வகுப்புல நான் வாயைத் திறந்தா சிரிப்பு. என் பேச்சு கொச்சை, என் உச்சரிப்பு சேரி. ஆனா லத்தீன் வகுப்புல எல்லாரும் பூச்சியத்துல இருந்துதான் தொடங்கணும். அது யார் வீட்டு அடுப்பங்கரையிலும் பேசப்படாத மொழி. வெள்ளாளன் வீட்டுலயும் இல்ல, நாடார் வீட்டுலயும் இல்ல, எங்க வீட்டுலயும் இல்ல. என் வாழ்நாள்ல எல்லாரோடயும் ஒரே கோட்டுல நின்னு ஓடின ஓட்டப் பந்தயம் அது ஒண்ணுதான்.

ஓடிப் பார்த்தா அது நமக்கு ரொம்பத் தூரத்து மொழியுமில்ல. ‘அக்ரிகோலா அக்வாம் போர்தாத்.’ உழவன் தண்ணீரைச் சுமக்கிறான். வார்த்தை வரிசை கூட நம்ம வரிசைதான், வினை கடைசியில. ‘அக்வா’ தண்ணீர், வாலில் ஒரு ‘ம்’ சேர்ந்தா தண்ணீரை. நம்ம ‘ஐ’ உருபு செய்கிற வேலையை அந்த ‘ம்’ செய்யுது. ‘போர்தாத்’ கடைசியில வருகிற ‘த்’ நம்ம ‘ஆன்’ மாதிரி. அவனோ அவளோ அதுவோ எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான். தமிழுக்கு எட்டு வேற்றுமை, லத்தீனுக்கு ஆறு. நம்ம ‘ஆல்’, ‘இருந்து’ ரெண்டையும் அவங்க ஒரே வேற்றுமையில போட்டுக் கட்டிட்டாங்க. இது ஒரு மாசத்துல பிடிபடும். இதைத்தான் பெரிய மலைபோலக் காட்டிப் பயமுறுத்தினார்கள்.

அப்புறம் ‘எகோ’. எகோ என்றால் நான். இந்த ஒரு வார்த்தைக்காகவே லத்தீன் படிக்கலாம்னு நான் சொல்லுவேன். ஏன்னு கேளுங்க. இந்தக் குமரி மாவட்டம் அன்னைக்குத் திருவிதாங்கூர். அடிமை முறை அங்கே சட்டப்படி ஒழிஞ்சதே 1855-ல்தான். அந்த மண்ணுல நம்ம ஆள் ஆதிக்க சாதிக்காரன் முன்னால ‘நான்’ என்று சொல்ல முடியாது, ‘அடியேன்’ என்றுதான் சொல்லணும். சாப்பிடுற சோத்தைச் சோறுன்னு சொல்லக் கூடாது, கரிக்காடின்னு சொல்லணும். பெத்த பிள்ளையைப் பிள்ளைன்னு சொல்லக் கூடாது, கன்னுக்குட்டி, குரங்குன்னு சொல்லணும். பேசும்போது வாயைக் கையால பொத்திக்கிடணும். இதையெல்லாம் இங்கே வேலை செய்த மிஷனரி சாமுவேல் மெட்டீர் 1871-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் பதிவு செய்திருக்கிறார். அன்றாடச் சொற்கள் என்று பாடப் புத்தகத்துல முதல் பாடம் வைப்பாங்களே, நான், வீடு, சோறு, பிள்ளை, அந்த அன்றாடச் சொற்களே நமக்குத் தடை செய்யப்பட்டிருந்த ஊர் இது.

லத்தீன்ல ‘எகோ’ என்று தனியாச் சொல்ல வேண்டிய தேவை கூட இல்ல. ‘லபோரோ’, உழைக்கிறேன். அந்த ‘ஓ’வுக்குள்ள நான் இருக்கேன். தமிழ்லயும் அப்படித்தான், ‘உழைக்கிறேன்’ என்பதில் ‘ஏன்’ இருக்கு. அட, ‘அடியேன்’ என்பதிலும் அதே ‘ஏன்’ ஒளிஞ்சு கெடக்கு! வாயைப் பொத்தி அடியேன்னு சொல்ல வச்சவனால அந்த வாலை மட்டும் அறுக்க முடியல. இதை எனக்குத் தமிழாசிரியர் சொல்லித் தரல. லத்தீன் வினை வாய்பாடு எழுதி எழுதிப் பார்த்தபோது எனக்கே தோணினது.

‘தோமினுஸ்’ எஜமான். ‘செர்வுஸ்’ அடிமை. ரெண்டுக்கும் ஒரே வாய்பாடு. எஜமானுக்கு என்ன விகுதியோ அதேதான் அடிமைக்கும். அதைப் பார்த்து நான் சந்தோசப்பட்டேன். ஆனா லத்தீன் சமத்துவ மொழி என்று நான் சொல்ல வரல, அப்படி யாரும் எடுத்துக்கிட வேண்டாம். இலக்கணத்துல ஒரே வாய்பாடு வச்சிருந்த ரோமாபுரிதான் சட்டத்துல அடிமையைப் பண்டமாக எழுதி வச்சது. தோழர் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. நம்மைப் பற்றியும் அந்த மொழியிலதான் எழுதினார்கள். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் ராபர்ட் தெ நொபிலி தம்மைச் சந்நியாசி என்று சொல்லிக்கொண்டு மேல்சாதிக்காரர்களை மதம் மாற்றினார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வச்சுக்கிடலாம் என்று 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அது லத்தீன். சாகக் கிடக்கிற பறையர் வீட்டுக்குப் போய் அவஸ்தை கொடுக்கச் சாமியார்கள் மறுக்கக் கூடாது என்று 1704-ல் புதுச்சேரியில் துர்னோன் ஆணை போட்டார். அதுவும் லத்தீன். அந்த ஆணையைச் சுத்தி நாற்பது வருசம் சண்டை. கடைசியில 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர், பறையருக்கென்று தனியாச் சாமியார்களை வைக்கிறோம் என்று இயேசு சபையார் சொன்ன ஏற்பாட்டை ஒத்துக்கொண்டார். அதுவும் லத்தீன்.

யோசிச்சுப் பாருங்க. எங்க வீட்டு வாசப்படியைச் சாமியார் மிதிக்கலாமா கூடாதா என்று நாற்பது வருசம் ரோமாபுரியில விவாதம் நடந்திருக்கு. அந்த வாசப்படிக்குள்ள கிடந்து செத்தவனுக்கு அதுல ஒரு எழுத்தும் தெரியாது. இங்கேயிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற வடக்கன்குளத்துல 1872-ல் கட்டின கோயில் ரெண்டு கையா விரிஞ்சு நிக்கும். ஒரு கையில வெள்ளாளர் கூட்டம், மறு கையில நாடார் கூட்டம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது, பீடம் மட்டும் ரெண்டு பேருக்கும் தெரியும். பீடத்துல ஒரே லத்தீன். 1910-ல் தடுப்பை எடுத்தபோது உரிமை போச்சுன்னு கோர்ட்டுக்குப் போனார்கள். ரெண்டு கைக்கே இந்தச் சண்டைன்னா, மூணாவதா ஒருத்தன் எங்கே நின்னிருப்பான்?

அதனாலதான் சொல்லுகிறேன், நம்மைக் கட்டின கயிறு எந்த மொழியில திரிச்சதோ அந்த மொழி நமக்குத் தெரிஞ்சாகணும். அவிழ்க்கணும்னா முடிச்சைப் பார்க்கணும் இல்லியா?

“இப்பத்தான் எல்லாம் தமிழ்ல வந்தாச்சே” என்பார்கள். 1963-ல் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது, அதுக்கப்புறம் பூசை தமிழாச்சு, சரி. எந்தத் தமிழ்? எங்க தமிழா? பண்பாட்டு மயமாக்கல் என்று சொல்லிக் குத்துவிளக்கு வந்தது, காவி வந்தது, ஆசிரமம் வந்தது, ஆரத்தி வந்தது. கருவாட்டுக் குழம்பும் பறையும் பண்பாடா வரல. பறை கோயிலுக்குள்ள வரவே தனியாப் போராட வேண்டியிருந்தது. லத்தீன் போன இடத்துல பார்ப்பனியம் வந்து உக்காந்தது. அதே சமயம் திருச்சபைச் சட்டம் மட்டும் லத்தீனை விடல. 1983-ல் வந்த சட்டத் தொகுப்புக்கு லத்தீன்தான் மூலம். குரு மாணவர்களுக்கு லத்தீன் நன்றாகத் தெரிஞ்சிருக்கணும் என்று அதே தொகுப்பின் 249-ஆம் விதி சொல்லுது. ஆக, வழிபாடு நமக்குத் தமிழ்ல, சட்டம் அவங்களுக்கு லத்தீன்ல.

இதுல இன்னொரு வேடிக்கை. நம்ம மாவட்டத்துல நமக்குப் பேரே ‘லத்தீன் கத்தோலிக்கர்’. அரசாங்கப் பட்டியல்ல லத்தீன் கத்தோலிக்கர் பிற்படுத்தப்பட்டோர். கன்னியாகுமரி மாவட்ட லத்தீன் கத்தோலிக்க வண்ணார் மட்டும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். ரோமாபுரி மொழிக்கும் சாதிக்கும் ஒரே வரியில கல்யாணம் பண்ணி வச்சிருக்கான் பாருங்க! ஞானஸ்நானத் தண்ணியில சாதி கரையலன்னு அரசாங்கத்துக்கே தெரியும். ஆனா கிறிஸ்தவனான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை மட்டும் கிடையாது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள், நாம் வெளியே.

இப்ப நம்ம தமிழ்ப் புலவருக்கு ஒரு வார்த்தை. எங்க எழுத்தைக் கொச்சை என்கிறீர்கள். 1992-ல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோதும் சொன்னீர்கள். லத்தீன் கதையைக் கேளுங்க. ரோமாபுரிப் பண்டிதன் வீட்டுக்குச் சொன்ன வார்த்தை ‘தோமுஸ்’. ஏழை இருந்த குடிசைக்கு ‘காசா’. இன்னைக்கு இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வீட்டுக்கு என்ன பேரு? காசா! பண்டிதனின் குதிரை ‘எக்வுஸ்’, பாரம் இழுத்த மட்டக் குதிரை ‘கபல்லுஸ்’. பிரெஞ்சுக்காரனின் ‘ஷெவால்’, ஸ்பானியனின் ‘கபாயோ’ எல்லாம் அந்த மட்டக் குதிரையின் குட்டிகள். காதுக்கு ‘அவ்ரிஸ்’ என்று சொல்லு, ‘ஒரிக்லா’ என்று சொல்லாதே என்று ஒரு இலக்கணக்காரன் பட்டியல் போட்டுத் திருத்தினான். பிரெஞ்சில் காதுக்கு ‘ஒரேய்’. அவன் திருத்தின தப்புல இருந்து வந்தது. செத்துப்போச்சுன்னு சொல்லுகிறீர்களே, செத்தது பண்டிதனுடைய லத்தீன். தெருவுல நடந்த லத்தீன் சாகல, பிள்ளை குட்டியோட கண்டம் கண்டமாப் பரவிட்டு.

நம்ம கொடுந்தமிழுக்கும் இங்கே ஒரு கணக்கு இருக்கு. வீரமாமுனிவர் அதுக்கு ஒரு இலக்கணம் எழுதினார், 1738-ல் தரங்கம்பாடியில அச்சாச்சு. அது லத்தீன்ல எழுதப்பட்டது. மக்கள் பேச்சுக்கு இலக்கணம் உண்டுன்னு சொல்ல வந்த புத்தகத்தைப் படிக்கக் கூட நமக்கு அந்த மொழி வேண்டியிருக்கு.

என்னைக் குருமடத்துல இருந்து அனுப்பும்போது சொன்ன காரணம் “உனக்கு அழைத்தல் இல்லை.” லத்தீன்ல நான்தான் வகுப்புல முதல். ‘வொக்காசியோ’, அழைத்தல். ‘வொக்காரே’ என்றால் கூப்பிடுவது, விளி வேற்றுமைக்கும் அதுதான் வேர். பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறும்போது அதை நினைச்சுச் சிரிப்பு வந்தது. எங்களையா கூப்பிடல? ‘லே’, ‘எலே’, ‘டே’ என்று எங்களை விளி வேற்றுமையிலயே தான் ஆயிரம் வருசமாக் கூப்பிட்டீங்க. எழுவாயா நிக்க விட்டதில்ல.

கடைசியா அந்தப் பிள்ளை கேட்ட வார்த்தைக்கு வருகிறேன். ‘லோகஸ் ஸ்டாண்டி’. லோகுஸ் இடம், ஸ்டாண்டி நிற்பதற்கான. நிற்பதற்கான இடம். வழக்குப் போட உனக்கு உரிமை உண்டா என்று கேட்கும் சட்டச் சொல். சென்னையில தெருவோரம் உக்காந்து செருப்புத் தைத்த சூசை என்கிற நம்ம ஆள், அரசாங்கம் மற்ற தலித் தொழிலாளிக்குக் கொடுத்த பெட்டிக்கடையை எனக்கும் கொடு என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறிஸ்தவனான பிறகும் அதே கொடுமை அதே அளவுல தொடருதுன்னு நிரூபிக்கப்படலன்னு 1985-ல் தள்ளுபடி செய்தார்கள். உக்கார ஒரு பெட்டி கேட்ட மனுசனுக்கு அதுவும் கிடைக்கல. அடுத்த சூசைக்காக எழுந்து வாதாட இந்தப் பிள்ளை படிக்கிறா. அவளிடம் போய்ப் பறை மட்டும் போதும்னு சொல்லலாமா தோழர்?

அவ ஞாயித்துக்கிழமை மத்தியானம் வாறா, கூட ரெண்டு பையன்களும் வாறாங்க. எங்க வீட்டுத் திண்ணையிலதான் வகுப்பு. முதல் நாள் ‘எகோ’ எழுதச் சொன்னேன். ரெண்டாம் வாரம் வினை வாய்பாடு. பறை பழகுகிறதும் நடக்குது, அது சாயங்காலம். நீரும் வாரும் தோழர். அடிக்கவும் வாரும், படிக்கவும் வாரும்.