எண் வாழ்கிறது, ஆட்கள்?

செயலிழந்த குண்டுவீச்சுப் படைப்பிரிவுகளை ஒப்பிட்டு எழுதுவோர் ஒரு பிழையை மரபாகவே பேணி வருகின்றனர். பிரிவின் எண் எங்கே தொடர்கிறதோ, அங்கேதான் வரலாறும் தொடர்கிறது என்று கொள்கின்றனர்.

பிரிட்டனின் 617ஆம் ஸ்குவாட்ரன் 1943இல் ஜெர்மானிய அணைகளைத் தகர்த்தது, 2014இல் கலைக்கப்பட்டது, 2018இல் எஃப்-35 விமானங்களுடன் மீண்டும் எழுந்தது. அன்றைய லங்காஸ்டர் விமானமும் இல்லை, அன்றைய வீரரும் இல்லை. எண் ஒன்றே எஞ்சியது. புகழ் முழுவதும் அதற்கே உரிமையாயிற்று.

பம்பாயின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படையின் தன்னார்வ ரிசர்வ் பிரிவினர் ஆறு துறைமுகங்களில் கடலோரக் காவல் ஃபிளைட்டுகளை நடத்தினர். சென்னையினது முதலாவது, பம்பாயினது இரண்டாவது. வாபிட்டி போன்ற பழைய விமானங்களில் கடல்மேல் ரோந்து சென்றனர். 1942இன் இறுதியில் இந்த ஃபிளைட்டுகள் கலைந்தன. அவற்றின் ஆட்களைக் கொண்டே அவ்வாண்டு டிசம்பரில் திருச்சியில் 8ஆம் ஸ்குவாட்ரன் உருவாயிற்று. செங்குத்தாகப் பாய்ந்து குண்டுவீசும் வெஞ்சன்ஸ் விமானங்களுடன் அது அரக்கான் போர்முனைக்குச் சென்றது. அந்த எண் இன்றும் வாழ்கிறது.

எண்ணை அளவுகோலாக்கினால் கடலோர ஃபிளைட்டுகளின் வரலாறு 1942இல் முடிகிறது. ஆட்களை அளவுகோலாக்கினால் அரக்கான் வரை நீள்கிறது. ‘செயலிழந்தது’ என்னும் ஒற்றைச் சொல் உறங்கியதையும் மடிந்ததையும் உருமாறியதையும் ஒருசேர மூடிவிடுகிறது. இவற்றைப் பிரித்தறியாத ஒப்பீடு, ஆய்வு ஆகாது, பெயர்ப்பட்டியல் மட்டுமே.

ஊர் மாறியும் தொழில் மாறியும் வாழ்ந்த தாராவி, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழருக்கு இது விளங்காததன்று. பலகையை மாற்றினால் உழைத்தவரின் கதை அறுந்துவிடுமா?