வடிவமைத்தவருக்குப் பெயர், தைத்தவருக்குச் சாதி

2025 ஜூன் கடைசி வாரத்தில் என் கைப்பேசி முழுக்க ஒரு செருப்புதான். மிலன் நகரில் நடந்த பிராடா நிறுவனத்தின் ஆண்கள் ஆடைக் காட்சியில், அச்சு அசலாகக் கோலாப்பூரிச் செருப்பைப் போன்ற ஒன்றைப் போட்டுக்கொண்டு மாடல்கள் நடந்தார்கள். நிறுவனம் அதைத் 'தோல் செருப்பு' என்று மட்டும் சொன்னது. கோலாப்பூர் என்ற பேச்சே இல்லை. என்னோடு ஃபேஷன் டிசைன் படித்த நண்பர்கள் கொதித்தார்கள். "நம்ம செருப்பைத் திருடிட்டாங்க" என்று ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

எனக்கும் கோபம்தான். ஆனால் அந்த 'நம்ம' என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றது.

என் தாத்தா செருப்புத் தைத்தவர். கொங்குப் பகுதியில் ஒரு சிற்றூர். ஊர்க்காரர்களின் கால் அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். கூலியாகத் தானியம் அளந்து போடுவார்கள். அவர் தைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்கள் நடந்த தெருவில், அவர் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தெருமுனையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது அது 'நம்ம செருப்பு' இல்லை. சக்கிலியன் வேலை.

கோலாப்பூரியின் கதையும் இதுதான். மகாராஷ்டிரத்தில் சாம்பார், தோர், கர்நாடகத்தில் சமகாரர் என்று தலித் சமூகங்களின் கைகளில்தான் அந்தச் செருப்பு பிறக்கிறது. வேலம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்துகிறார்கள். ஆணி இல்லாமல் தோல் வாராலேயே அடித்தோலைத் தைக்கிறார்கள். மேல்வாரின் பின்னலைப் பெரும்பாலும் பெண்கள் பின்னுகிறார்கள். 2019-இல் இரு மாநிலங்களின் எட்டு மாவட்டங்களுக்குச் சேர்த்துப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்திருப்பவை இரண்டு அரசுத் தோல் தொழில் கழகங்கள். மகாராஷ்டிரக் கழகத்தின் பெயரில் சந்த் ரோகிதாஸும் 'சர்மகார்' என்ற சொல்லும் இருக்கின்றன. கர்நாடகக் கழகத்தின் பெயரில் பாபு ஜெகஜீவன் ராம் இருக்கிறார். இது யாருடைய தொழில் என்று அரசுக்குத் தெரியும். ஃபேஷன் உலகம்தான் தெரியாததுபோல நடிக்கிறது.

கண்டனம் எழுந்ததும் பிராடா இறங்கி வந்தது. இந்தியக் கைவினையிலிருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டது. 2025 டிசம்பரில் அந்த இரண்டு கழகங்களோடும் ஒப்பந்தம் போட்டது. 2000 ஜோடிகளை இங்கேயே செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பது என்பது திட்டம். நம் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். கைவினைஞர்களுக்குப் பயிற்சியும் உண்டு என்றார்கள். போராடாமல் இதுவும் கிடைத்திருக்காது. ஆனால் அந்த எண்பதாயிரத்தில் தைத்த கைக்கு எவ்வளவு என்று என் நண்பர்கள் யாரும் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. தேசத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது, அவர்களுக்கு அது போதும்.

திருடியது வெள்ளைக்காரன் என்றால் நமக்குக் கோபம் சுலபமாக வருகிறது. நம் வடிவமைப்பாளர்கள் வெளிநாட்டில் கைதட்டல் வாங்கும்போது இதே கேள்வியைக் கேட்கிறோமா?

கைதட்டல்கள் பொய்யில்லை. ராகுல் மிஸ்ரா 2014-இல் சர்வதேச வூல்மார்க் பரிசு வாங்கினார். 2020 ஜனவரியில் பாரிஸ் உயர் ஆடை வாரத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளர் ஆனார். 2023-இல் கௌரவ் குப்தா அதே மேடைக்குப் போனார். 2024 மெட் காலா விழாவுக்கு ஆலியா பட் கட்டிச் சென்ற சப்யசாச்சி சேலைக்கு 163 பேர், 1965 மணி நேரம் உழைத்தார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். நானும் அந்தச் சேலையை வாய்பிளந்து பார்த்தவள்தான்.

ஆனால் நான் படித்த செய்திகளில் அந்த 163 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. மணிக்கணக்கைச் சரியாக எண்ணியவர்களுக்கு மனிதர்களின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. இந்த ஆடைகளின் உயிர் ஆரி, சர்தோசி வேலைதான். அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்கத்திலிருந்து மும்பைக்கும் டெல்லிக்கும் வந்த இஸ்லாமியத் தொழிலாளர்கள். தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் என்று விளம்பரம் பெருமைப்படுகிறது. ஏன் அப்படி வந்தது? வேறு கதவுகள் மூடியிருந்தன என்பதும் ஒரு காரணம். பிறப்பை வைத்துத் தொழிலைத் தலையில் கட்டும் ஏற்பாட்டைத்தான் அம்பேத்கர் 1936-இலேயே 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் உடைத்துக் காட்டினார். அதே ஏற்பாட்டுக்கு ஃபேஷன் மொழியில் 'பாரம்பரியம்' என்று பெயர்.

அதே தோல் ஊருக்குள் என்ன பாடு படுகிறது? 2015-இல் மகாராஷ்டிரம் காளை, எருதுகளை வெட்டுவதற்கும் தடை விதித்தது. தோல் தொழிலாளர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். மிலன் மேடையில் கலை, உனாவில் குற்றம்.

இந்த இடத்தில்தான் சுதீர் ராஜ்பர் எனக்கு முக்கியமாகிறார். தோல் தடைக்குப் பிறகு தாராவியின் தலித், இஸ்லாமியத் தோல் தொழிலாளர்களோடு சேர்ந்து, மறுசுழற்சி ரப்பரில் பைகளும் நாற்காலிகளும் செய்யத் தொடங்கினார். நிறுவனத்துக்கு வைத்த பெயர் 'சமார் ஸ்டுடியோ'. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு ஒருவரை 'சமார்' என்று அழைப்பது குற்றம் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்த சொல் அது. 2024 டிசம்பரில் மயாமி வடிவமைப்புக் கண்காட்சியில் அந்த நாற்காலிகள் இருந்தன. பாடகி ரிஹானா ஒன்றை வாங்கியது செய்தியானது. வசைச்சொல்லை விலைச்சீட்டில் அச்சடித்து வாங்குபவரைப் படிக்க வைத்தார் ராஜ்பர். ஒரு நாற்காலியால் சாதி ஒழியாது. ஆனால் யார் செய்தது என்பதை மறைக்காமலும் உலக மேடைக்குப் போகலாம் என்பதற்கு அது சாட்சி.

என் கதைக்கு வருகிறேன். கல்லூரியில் கைவினைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய செய்முறை அறிக்கை எழுதச் சொன்னார்கள். நான் தாத்தாவைப் பற்றி எழுதினேன். அவருடைய குத்தூசி, தோலை நனைக்கும் பக்குவம், அளவெடுக்கும் விதம், கடைசியில் அந்தத் தெரு. படித்த ஆசிரியை, "டெக்னிக் ரொம்ப நல்லா இருக்கும்மா. அந்தச் சாதி மேட்டர் மட்டும் வேண்டாம், எடுத்துடு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நான் இரண்டு பக்கங்களைக் கிழித்தேன். நல்ல மதிப்பெண் வந்தது. தாத்தா வெறும் 'கைவினைஞர்' ஆனார்.

அதனால் எனக்கு வேண்டியவை மூன்று. ஆடையின் மீது வடிவமைத்தவர் பெயரோடு செய்தவர்கள் பெயரும் வேண்டும். கூலியோடு நிறுத்தாமல் விற்ற விலையில் பங்கு வேண்டும். மூன்றாவதுதான் பெரிது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை வரைபலகை முன்னால் உட்கார வழி வேண்டும், பிடிக்கவில்லை என்றால் அந்தத் தொழிலையே விட்டுப் போகவும் வழி வேண்டும். விட்டுப் போக முடியாத தொழிலைக் கலை என்று கொண்டாடுவது, கொண்டாடுபவர்களுக்கு மட்டும்தான் வசதி.

அடுத்த முறை ஓர் இந்தியப் பெயர் பாரிஸில் ஒலிக்கும்போது பகிருங்கள் தோழர்களே, நானும் பகிர்வேன். கூடவே 'தைத்தது யார், எவ்வளவு கொடுத்தீர்கள்' என்று கீழே ஒரு வரி கேளுங்கள்.

நான் கிழித்த இரண்டு பக்கங்களில் தெருவைப் பற்றியதை இங்கே திரும்ப எழுதிவிட்டேன். விட்டுப்போனது ஒன்றுதான். என் தாத்தாவின் பெயர் மாரன்.