ஒப்பந்த மேசையில் தொழிலாளிக்கும் இடம் வேண்டும்

2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டுமென பிரித்தானிய வாக்காளர்களில் 52 வீதத்தினர் தீர்ப்பளித்தனர். நிசான் கார் தொழிற்சாலை அமைந்துள்ள சண்டர்லாண்ட் நகரில் அது 61 வீதம். அந்தத் தொழிலாளர்களை ஏளனம் செய்ய நாம் தயாரில்லை. கப்பல் கட்டும் தளமும் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டபோது அந்த ஊர் பட்டபாட்டை நாம் அறிவோம்.

ஆயினும் விலகலின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

பிரித்தானியாவில் உற்பத்தியாகும் பத்துக் கார்களில் ஏறத்தாழ எட்டு ஏற்றுமதியாகின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை செல்வது ஐரோப்பிய ஒன்றியத்துக்கே. கார்களுக்கான பாகங்களும் அங்கிருந்து வருகின்றன. தொழிற்சாலைகள் பாகங்களைப் பெருமளவில் சேமித்து வைப்பதில்லை. துறைமுகத்தில் லொறி தாமதித்தால் வேலை நின்றுவிடும். ஒப்பந்தமின்றி விலகினால் காருக்கு 10 வீதத் தீர்வை என்ற அச்சமும் நான்கரை ஆண்டுகள் நீடித்தது. 2020 டிசம்பர் 24ஆம் திகதிதான் உடன்பாடு கிடைத்தது. தீர்வை தவிர்க்கப்பட்டது. ஆனால் சுங்கப் பத்திரங்களும், பாகங்கள் எந்த நாட்டில் செய்யப்பட்டவை என நிரூபிக்கும் கடமையும் புதிதாக வந்து சேர்ந்தன.

இதற்கிடையில், 2019இல் நிசான் ஒரு புதிய கார் ரகத்தைச் சண்டர்லாண்டில் தயாரிக்கும் திட்டத்தைக் கைவிட்டது. 2021 ஜூலையில் ஸ்விண்டன் நகரின் ஹொண்டா தொழிற்சாலை மூடப்பட்டது. சுமார் 3,000 பேர் வேலையிழந்தனர். விலகல் இதற்குக் காரணமல்ல என்றது அக்கம்பனி. 2016இல் 17 இலட்சத்தைத் தாண்டிய நாட்டின் கார் உற்பத்தி, 2022இல் 7 இலட்சத்து 75 ஆயிரமாகக் குறைந்தது. கொரோனாவும் மின்னணுச் சில்லுத் தட்டுப்பாடும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

காரணம் எதுவாயினும் முதலில் வீட்டுக்குப் போனவன் தொழிலாளி.

நமது நாட்டுக்கும் இது புதிதல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010 ஆகஸ்டில் நம்மிடமிருந்து நீக்கப்பட்டு, 2017 மே மாதத்திலேயே திரும்பக் கிடைத்தது. நமது லயங்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் சம்பளம் இத்தகைய சலுகைகளோடு பிணைந்திருக்கிறது.

எனவே எந்த வர்த்தக ஒப்பந்தமானாலும், அதில் சேருமுன்பும் விலகுமுன்பும் தொழிற்சங்கங்களிடம் அரசு பேச வேண்டும். அதன் விபரங்கள் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவர வேண்டும். கையொப்பமிட்ட பின் செய்தி கேட்பதற்காக நாம் சங்கம் அமைக்கவில்லை.