வழிகாட்டும் திரையை முழுதாக நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட்போனோ வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?" என்பார்கள். நான் சாப்ட்வேர் எஞ்சினீயர் என்பதால், ஆமாம் என்று சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். என் பதில் எப்போதும் இதுதான்: "நீங்கள் கேட்ட கேள்விக்குச் சரியாகச் சொல்லும். கேட்காத கேள்விக்குச் சொல்லாது." இதை நான் கற்றது கல்லூரியில் அல்ல, ஐஸ்லாந்து நாட்டில் ஒரு வாடகைக் காருக்குள்!

அமெரிக்காவில் எம்.எஸ். படித்துக் கொண்டிருந்த நேரம். அங்கே பல்கலைக்கழகங்களில் மார்ச் மாத வாக்கில் ஒரு வாரம் வசந்த கால விடுமுறை விடுவார்கள். 2023 மார்ச்சில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஐஸ்லாந்து போனோம். பாஸ்டனிலிருந்து ஐந்தரை மணி நேர விமானப் பயணம். கெஃப்லவிக் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்தோம். சக்கரங்களில் சிறு ஆணிகள் பதித்த குளிர்கால டயர்கள். டாஷ்போர்டில் பெரிய தொடுதிரை. போனை அதில் இணைத்தவுடன் வரைபடம் விரிந்தது. போகும் பாதை நீலக் கோடாகத் தெரிந்தது. இனி என்ன கவலை என்று கிளம்பி விட்டோம்.

மூன்று நாட்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. அருவிகள், வெந்நீர் ஊற்றுகள், கடைசியாக யோகுல்சார்லோன் ஏரி. பனிப்பாறைகள் கப்பல் போல மிதக்கும் ஏரி அது. பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். மறுநாள் பிற்பகல் அங்கிருந்து விக் என்ற ஊருக்குப் போய் இரவு தங்க வேண்டும். அதற்கு அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு விமானம். விக்கில் அறைக்குப் பணம் கட்டியாகி விட்டது. விசாவில் தந்திருந்த நாட்களும் முடிந்து கொண்டிருந்தன.

திரையில் நீலக் கோடு. சுமார் 190 கிலோ மீட்டர், இரண்டரை மணி நேரம் என்றது. பெட்டிகளை ஏற்றிக் கொண்டிருந்தபோது பண்ணை வீட்டு அம்மா வெளியே வந்து, "சாலை நிலவரம் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "பார்த்தோம், வழி தெளிவாக இருக்கிறது" என்று திரையைக் காட்டினோம். அவர் தலையை ஆட்டி விட்டு, தன் போனில் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்த நாட்டுச் சாலை நிர்வாகத்தின் இணையதளம் அது. நாங்கள் போக வேண்டிய சாலையின் ஒரு பகுதி சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் மூடப்பட்டது.

28 என்றால் எவ்வளவு?

எங்களில் ஒருவன் சென்னைக்காரன். கார் ஓட்டுவதில் கெட்டிக்காரன். வானிலைத் துறையின் பக்கத்தைப் பார்த்து விட்டு, "டேய், காற்று வெறும் 28தான்டா. நம்ம மெரினாவிலேயே இதைவிட அடிக்கும். வாங்கடா போகலாம்" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. விமானம் போய் விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

அப்போதுதான் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய எழுத்துகளைப் பார்த்தேன். அது மணிக்கு இத்தனை கிலோ மீட்டர் என்ற கணக்கு இல்லை. ஐஸ்லாந்தில் காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்கிறார்கள். அதை 3.6ஆல் பெருக்கினால்தான் நமக்குப் பழகிய கணக்கு கிடைக்கும். 28ஐ 3.6ஆல் பெருக்கிப் பாருங்கள். மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல்! நம் ஊரில் இதைப் புயல் என்போம்.

எண் சரி. அதைப் படித்த நாங்கள்தான் தவறு. எக்ஸெலில் கணக்குப் போடும் வாசகர்களுக்கும் இதையே சொல்வேன். கட்டத்தில் எண் இருந்தால் மட்டும் போதாது. அது ரூபாயா டாலரா, கிலோவா டன்னா என்று தலைப்பைப் பார்த்து விட்டுத்தான் அடுத்த வேலை.

அன்று நாங்கள் போகவில்லை. விக்கில் கட்டிய பணம் போனது. இரவு முழுவதும் பண்ணை வீட்டின் ஜன்னல்கள் அதிர்ந்தன. காலை எட்டு மணி சுமாருக்குச் சிவப்பு மறைந்தது, கிளம்பினோம். ஸ்கஃப்டஃபெல் தாண்டியதும் ஸ்கெய்தராருசந்துர் என்ற பெரிய கரு மணல் வெளி. பனியாறுகள் அரைத்துக் கொண்டு வந்து கொட்டிய மணலும் சரளையும். 1974இல் இதைக் கடந்து பாலங்கள் கட்டிய பிறகுதான் நாட்டைச் சுற்றி வரும் முதலாம் எண் சாலையே முழுமையானது. 1996 நவம்பரில் பனியாற்றுக்கு அடியிலிருந்து வந்த வெள்ளம் அந்தப் பாலத்தை முறித்தது. முறுக்கிய இரும்பு உத்திரங்களை இன்றும் சாலையோரத்தில் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடம்.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எங்களுடையதைப் போலவே ஒரு வாடகைக் கார் நின்றது. காற்று வந்த பக்கத்துக் கண்ணாடிகள் ஒன்றுகூட இல்லை. பறந்து வந்த கற்களின் வேலை. அதில் வந்தவர்களுக்குக் காயமில்லை என்று கடைக்காரர் சொன்னார். சென்னைக்காரன் அதன் பிறகு வெகு நேரம் எதுவும் பேசவில்லை.

நேவிகேஷன் ஏன் சொல்லவில்லை?

இதில் நேவிகேஷன் மென்பொருளைக் குறை சொல்ல முடியுமா? அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொண்டால் பதில் கிடைக்கும்.

ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நேரத்தையும் தாங்கள் இருக்கும் இடத்தைப் பற்றிய தகவலையும் ஒலிபரப்பிக் கொண்டிருக்கும். குறைந்தது நான்கு கோள்களின் சமிக்ஞைகளை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைப் போனே கணக்கிடுகிறது. இதற்கு இண்டர்நெட் தேவையில்லை. அடுத்தது வரைபடம். சாலைகள் எல்லாம் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கும். எந்தக் கோடுகள் வழியே போனால் நேரம் குறையும் என்று கணக்கிடுவதற்கான அடிப்படை, டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1959இல் வெளியிட்ட வழிமுறை. மூன்றாவது, போக்குவரத்து நெரிசல். இது பெரும்பாலும் சாலையில் போகிறவர்களின் போன்களிலிருந்து கிடைக்கும் தகவல். கார்களே இல்லாத சாலையில் தகவல் எங்கிருந்து வரும்? காலியான சாலையும் மூடிய சாலையும் அதற்கு ஒன்று போலவே தெரியக்கூடும்.

ஆக, "குறைந்த நேரத்தில் எப்படிப் போவது?" என்ற கேள்விக்கு அது சரியாகவே பதில் சொன்னது. "இன்று போகலாமா?" என்று நாங்கள் அதனிடம் கேட்கவும் இல்லை, அதற்குத் தெரியவும் இல்லை.

கேள்வியை நாமே தவறாகக் கொடுப்பதும் உண்டு. 2016 பிப்ரவரியில் ஐஸ்லாந்துக்கு வந்த ஒரு அமெரிக்கப் பயணியின் கதை உலகெங்கும் செய்தியானது. தலைநகர் ரெய்க்யவிக்கில் லௌகவேகுர் தெருவில் அவருடைய ஹோட்டல். விமான நிலையத்திலிருந்து சுமார் 50 கிலோ மீட்டர். ஆனால் முகவரியில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்து லௌகர்வேகுர் என்றாகி விட்டது. அந்தப் பெயரிலும் ஒரு தெரு இருந்தது, நாட்டின் வடகோடியில் உள்ள சிக்லுஃபியோர்துர் என்ற ஊரில்! 400 கிலோ மீட்டருக்கு மேல் பனியில் ஓட்டி அங்கே போய்ச் சேர்ந்தார். ல, ள, ழ மாறினால் பொருள் மாறும் என்பது நமக்குத் தெரியாததா? தட்டச்சு செய்ததும் என்டர் அழுத்துவதற்கு முன் ஒரு முறை படித்துப் பாருங்கள். தூரம் நீங்கள் நினைத்ததற்கு அருகில் வருகிறதா என்றும் பாருங்கள்.

அப்படியானால் கம்ப்யூட்டரே வேண்டாமா?

"இதற்குத்தான் காகித வரைபடம் போதும் என்கிறோம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக் கொள்ள மாட்டேன். எங்களை அன்று காப்பாற்றியதும் ஒரு இணையப் பக்கம்தான். காகிதத்தில் அந்தச் சாலை சிவப்பாக மாறியிருக்காது. எந்தக் கேள்வியை எந்தப் பக்கத்தில் கேட்பது என்பதைத் தெரிந்து கொள்வதுதான் முக்கியம். வழிக்கு வரைபடம். காற்றுக்கும் மழைக்கும் வானிலைத் துறை. சாலை திறந்திருக்கிறதா என்பதற்குச் சாலையைப் பராமரிக்கிறவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரில் வசிக்கும் ஒருவர்.

இது ஐஸ்லாந்துக்கு மட்டும் பொருந்துவதல்ல. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. அந்த விவரத்தை மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில்தான் பார்க்க வேண்டும், நீலக் கோட்டில் அல்ல. மழைக் காலத்தில் மலைப் பாதைக்குக் கிளம்புகிறவர்களும் அப்படியே.

இரண்டு சிறு குறிப்புகள். பயணத்துக்கு முந்தைய நாள் வீட்டிலிருந்தே அந்தப் பகுதியின் வரைபடத்தை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும். அடுத்தது, வாடகைக் காரைத் திருப்பித் தரும்போது புளூடூத் பட்டியலிலிருந்து உங்கள் போனை அழித்து விடுங்கள். நாங்கள் கார் எடுத்தபோதே அந்தத் திரையில் முன்பு ஓட்டியவர்களின் போன் பெயர்கள் ஐந்து இருந்தன. போனில் உள்ள பெயர்களும் எண்களும் காரில் தங்கி விடலாம் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016இலேயே எச்சரித்திருக்கிறது. இது தெரிந்தும், விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் என் போனை அழிக்க மறந்தவன் நான்தான்!

இரண்டரை மணிக்குக் காரை ஒப்படைத்தோம். விமானம் கிடைத்தது. ஒரு இரவு அறை வாடகை நஷ்டம். அந்தப் பண்ணை வீட்டு அம்மா கேட்ட ஒரு கேள்வியின் மதிப்போடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. அடுத்த முறை திரை உங்களுக்கு ஒரு பதில் சொல்லும்போது, நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்: "வேறு எங்காவது பார்த்தீர்களா?"